கொல்கத்தாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கால்பந்து, கச்சேரி, நாடகம், ஊர் சுற்றல்

கொல்கத்தாவுக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலோடுதான் வருகிறார்கள்: விக்டோரியா நினைவு மண்டபம், ஹவுரா பாலம், காளிகட், தட்சிணேசுவரம், பேலூர் மடம். இவை எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஆண்டு முழுவதும் இருந்த இடத்திலேயே இருப்பவை. இந்த ஊர்க்காரர்கள் உயிரைக் கொடுத்துப் பேசும் கால்பந்து ஆட்டம், விடிய விடிய நடக்கும் கச்சேரி, மாலை நாடகம் ஆகியவையோ நாள் பார்த்து நடப்பவை. ஆகவே முதலில் ஓர் ஆட்டத்தையோ கச்சேரியையோ முடிவு செய்துகொண்டு, அந்தத் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்து, மிச்சமிருக்கும் நேரத்தில் மற்ற இடங்களைச் செருகிக்கொள்ளுங்கள் என்பதே இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் நான் சொல்லும் யோசனை.

எந்த மாதத்தில் வருவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள மாதங்கள் உடம்புக்கு இதமானவை. இசைக்காக வருபவர்கள் ஜனவரியின் பிற்பகுதியைத் தேர்ந்தெடுத்தால், டோவர் லேன் இசை மாநாட்டைக் கேட்டுவிட்டு, அதையொட்டித் தொடங்கும் புத்தகக் கண்காட்சியையும் பார்த்துவிடலாம். உள்ளூர்க் கால்பந்தை அதன் அசல் முகத்தோடு பார்க்க விரும்புபவர்கள் மழையைப் பொருட்படுத்தாமல் ஜூலை, ஆகஸ்டில் வர வேண்டும். கல்கத்தா லீக் ஆட்டங்களும் டூரண்ட் கோப்பையும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன. ஒரு நல்ல மழைக்கே கல்லூரித் தெரு வட்டாரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால், அந்தப் பருவத்தில் ஷூவுக்குப் பதிலாக ரப்பர் செருப்பே உதவும். துர்கா பூஜை நாட்கள் தனிக்கதை. அந்த நாட்களில் ஊரே தெருவில் இருக்கும். அறை கிடைப்பது அரிது. முதல் பயணத்துக்கு அந்த வாரம் ஏற்றதென்று நான் நினைக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு வந்தால் சிலைகள் உருவாவதை நிதானமாகப் பார்க்கலாம்.

வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து வரும் மெயில் ஹவுராவில் நிற்கும். கோரமண்டல் எக்ஸ்பிரஸோ இப்போது ஷாலிமார் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. ஹவுராவில் இறங்கலாம் என்று நம்பி வருபவர்கள் அங்கே வண்டி தேடித் தடுமாறுகிறார்கள். ஷாலிமாரில் இறங்குபவர்கள் செயலி வழியாகவோ முன்பணச் சாவடியிலோ டாக்ஸி எடுத்துக்கொள்வது நல்லது. ஹவுராவில் இறங்குபவர்களுக்கு நிலையத்தின் அடியிலேயே மெட்ரோ இருக்கிறது. 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்தப் பாதை ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சென்று எஸ்பிளனேடை அடைகிறது. ஆற்றைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. 2025 ஆகஸ்டில் இது சியால்தா வழியாகச் சால்ட் லேக் வரை முழுமையாக இணைக்கப்பட்டுவிட்டதால், ரயிலில் வந்து இறங்கியவர் வண்டி மாறாமலேயே கால்பந்து மைதானத்தின் வாசலுக்குப் போய்விடலாம். வடக்கு தெற்காக ஓடும் பழைய பாதை 1984இல் தொடங்கியது. நாட்டின் முதல் மெட்ரோ அதுதான். இரண்டு பாதைகளும் எஸ்பிளனேடில் சந்திக்கின்றன.

தங்குவதற்குப் பலரும் பார்க் ஸ்ட்ரீட் அருகே உள்ள சடர் ஸ்ட்ரீட்டைச் சொல்வார்கள். எனக்கோ தெற்கே லேக் மார்க்கெட் வட்டாரம்தான் உகந்ததாகப் படுகிறது. பல தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி அது. வாழை இலை, மல்லிகைச் சரம், டிகாக்‌ஷன் காப்பி, இட்லி தோசை எல்லாம் சந்தையைச் சுற்றியே கிடைக்கும். ரசிக ரஞ்சன சபா, பாரதி தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளின் நிகழ்ச்சிகள் இருந்தால் அவற்றையும் விசாரித்துக்கொள்ளலாம். காளிகட் மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ரவீந்திர சரோவர் ஏரியும் நஸ்ருல் மஞ்ச் அரங்கமும் அருகில் இருப்பதால், இரவுக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

ஆட்டோவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே ஆட்டோ என்பது குறித்த தடத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் பங்கு வண்டி. வீட்டு வாசலுக்கு வருமா என்று கேட்டால் ஓட்டுநர் உங்களை வியப்போடு பார்ப்பார். பின்னிருக்கையில் மூவர், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் என்பது கணக்கு. இறங்கும்போது சில்லறையாகத்தான் கொடுக்க வேண்டும். நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடக்கும் வாக்குவாதத்தில் மற்ற மூன்று பயணிகளும் ஓட்டுநர் பக்கமே சேர்ந்துகொள்வார்கள். ஆகவே காலையிலேயே பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களைத் ‘தாதா’ என்றும் பெண்களைத் ‘தீதி’ என்றும் அழைத்துப் பேச்சைத் தொடங்கினால் பாதிச் சண்டை குறைந்துவிடும். டிராம் 1873இலேயே இந்த ஊருக்கு வந்தது. இன்று சில தடங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. எஸ்பிளனேடு முனையத்தில் வண்டி நிற்பதைக் கண்டால், எங்கே போகிறது என்று யோசிக்காமல் ஏறிவிடுங்கள்.

முதல் நாள்: வடக்குக் கொல்கத்தாவை நடந்து பார்ப்பது

விடிந்தும் விடியாத நேரத்தில் ஹவுரா பாலத்தின் கிழக்கு முனைக்கு அடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தையில் தொடங்குங்கள். சாமந்தி மாலைகளைப் பாம்புபோல் சுருட்டித் தலைக்கூடையில் சுமந்து வருபவர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். ஓரமாக நின்று பார்ப்பதே நல்லது. பிறகு படியேறிப் பாலத்தை நடந்தே கடக்கலாம். 1943இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் உருக்குச் சட்டங்கள் முழுவதும் தறையாணிகளால் இணைக்கப்பட்டவை, திருகாணி கிடையாது. மறுகரையில் ஹவுரா படகுத்துறையிலிருந்து வடக்கே ஷோபாபஜார் பக்கம் போகும் படகில் ஏறினால், மிகக் குறைந்த கட்டணத்தில் ஓர் ஆற்றுப் பயணமும் அமைந்துவிடும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் குமார்துலி. துர்கா பூஜைச் சிலைகளைச் செய்யும் குயவர் குடியிருப்பு இது. மூங்கில் சட்டம், அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய உடல், அதன்மேல் ஆற்று மண், கடைசியாக வண்ணம் என்ற வரிசையில் வேலை நடப்பதை ஒரே சந்தில் அடுத்தடுத்த பட்டறைகளில் பார்க்கலாம். பட்டறைகள் குறுகலானவை, பத்துக் கைகளும் விரிந்த சிலைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நுழைய முடியும், முதுகில் மாட்டிய பை ஒரு விரலை உடைத்துவிடக்கூடும். பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், படம் எடுக்கும்முன் கேட்டுவிடுங்கள்.

குமார்துலியிலிருந்து தெற்கே வந்தால் ஜோடாசாங்கோவில் தாகூர் குடும்ப வீடு. ரவீந்திரநாத் பிறந்ததும் 1941இல் மறைந்ததும் இங்கேதான். அடுத்து கல்லூரித் தெரு. நடைபாதையின் இருபுறமும் அடுக்கப்பட்டிருக்கும் புத்தகக் கடைகளில் பெரும்பகுதி இன்று பாடநூல்களும் தேர்வுக் கையேடுகளும்தான். அரிய நூல் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு போகிறவர்கள் பொறுமையாகத் துழாவ வேண்டும். அங்கேயுள்ள காப்பி ஹவுஸில் ஒரு கோப்பையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காப்பி சுமார்தான். கல்லூரித் தெருக் கடைகள் ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும். இந்திய அருங்காட்சியகம், விக்டோரியாவின் உட்கூடங்கள், தாகூர் வீடு ஆகியவற்றுக்குத் திங்கள் விடுமுறை. நடைப்பயணத்துக்குச் செவ்வாய் முதல் சனி வரை ஏதேனும் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

ஓவியமும் நாடகமும்

கலைக்கு ஒதுக்கும் மாலையை ரவீந்திர சதன் மெட்ரோ நிலையத்தில் தொடங்குவது எளிது. ரவீந்திர சதன் அரங்கம், 1985இல் சத்யஜித் ராய் திறந்துவைத்த நந்தன் திரைப்பட வளாகம், அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், செயின்ட் பால் பேராலயம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. அகாடமியின் கூடங்களில் இளம் ஓவியர்களின் கண்காட்சிகள் மாற்றி மாற்றி நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் ஓவியரே அங்கே நின்றுகொண்டிருப்பார், கேட்டால் விளக்குவார்.

அதே கட்டடத்தின் அரங்கில்தான் நாடகங்கள். 1948இல் சம்பு மித்ரா தொடங்கிய பஹுரூபி போன்ற குழுக்களால் வேரூன்றிய நாடக மரபு இங்கே இன்றும் ரசிகர்கள் காசு கொடுத்துப் பார்க்கும் கலையாக இருக்கிறது. பெரும்பாலும் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். வார இறுதியில் பகல் காட்சியும் உண்டு. வாசலில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பார்த்து, சாளரத்தில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். வங்காளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஷேக்ஸ்பியரையோ பிரெக்டையோ தழுவிய நாடகமாகத் தேர்ந்தெடுத்தால் கதை தெரிந்திருக்கும். நடிப்பையும் ஒளியமைப்பையும் கவனிக்க முடியும். நேரத்தில் மட்டும் இவர்கள் கண்டிப்பானவர்கள், தாமதமாக வந்தால் இருட்டில் தட்டுத்தடுமாறித்தான் இருக்கையைத் தேட வேண்டும்.

இந்த ஊரின் ஓவியப் பள்ளிக்கும் சென்னைக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. சென்னைக் கலைப்பள்ளியை நடத்திய ஹாவெல் 1896இல் கல்கத்தா கலைப்பள்ளிக்கு வந்து, அவனீந்திரநாத் தாகூருடன் சேர்ந்து வங்க ஓவிய மரபுக்கு வழிவகுத்தார். அந்த அவனீந்திரநாத்தின் மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளியின் முதல்வராகப் போய், மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தார். அவர் செய்த காந்தி சிலை ஒன்று இங்கே மைதான் என்னும் பெரும் புல்வெளியை ஒட்டிய மேயோ சாலையில் நிற்கிறது. மெரினா காந்தியும் அவர் கைவேலைதான் என்பதால், சென்னைக்காரர்களுக்கு அந்த நடை உடனே அடையாளம் தெரியும்.

கால்பந்து

ஈடன் கார்டன் இருக்கும் ஊர் என்பதால் இதைக் கிரிக்கெட் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நின்றால் அந்த எண்ணம் மாறிவிடும். இங்கே ஒருவரிடம் கேட்கப்படும் கேள்வி, எந்த அணி என்பது. 1889இல் தொடங்கிய மோகன் பகானுக்குப் பச்சையும் அரக்கும் நிறம், பாய்மரப் படகு சின்னம். 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலுக்குச் சிவப்பும் பொன்னும், தீப்பந்தம் சின்னம். 1891இல் உருவான முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குக் கறுப்பும் வெள்ளையும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற அணி அது.

முதல் இரண்டு அணிகளின் பகை வெறும் விளையாட்டுப் பகை அல்ல. மேற்கு வங்கத்துப் பூர்வ குடிகளான ‘கோட்டி’கள் மோகன் பகான் பக்கம், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ‘பாங்கால்’கள் ஈஸ்ட் பெங்கால் பக்கம் என்பது பழைய பிரிவினை. 1947க்குப் பிறகு வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்து குடியேறிய பல்லாயிரம் குடும்பங்களுக்கு, புதிய ஊரில் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தச் சிவப்புப் பொன் சட்டை. பகை சமையலறை வரை போகும்: ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால். இப்போது கலப்புத் திருமணங்கள் பெருகி, ஒரே வீட்டில் இரண்டு கட்சியும் இருப்பதுண்டு. ஆட்டத்தன்று மட்டும் அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போகாதீர்கள்.

வரலாற்றில் இரண்டு தேதிகள் தெரிந்திருந்தால் பேச்சில் கலந்துகொள்ளலாம். 1911 ஜூலை 29 அன்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடய இறுதி ஆட்டத்தில், ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்று வென்றது. வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே தோற்கடித்த அந்த நாளை மோகன் பகான் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் ஆடியபோது ஏற்பட்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். ரசிகர்களைத் தனித்தனிக் கேலரிகளில் பிரித்து உட்கார வைப்பதும் வாசலில் கடுமையாகச் சோதனை போடுவதும் ஏன் என்று புரிந்துகொள்ள இது போதும்.

தென்னிந்தியர்களுக்கு இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய சாலே, அப்பாராவ், அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ் ஆகிய ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைத்தார்கள்; ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடியவர். வயதான ரசிகர் ஒருவரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த தேநீருக்கு அவரே காசு கொடுத்துவிடுவார்.

ஆட்டம் பார்க்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சால்ட் லேக்கில் உள்ள விவேகானந்த யுவபாரதி மைதானத்தில் ‘பெரிய மேட்ச்’, அதாவது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டத்தைப் பார்ப்பது. 1997இல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு அணிகளும் மோதியபோது 1,31,000க்கும் மேற்பட்டவர்கள் இங்கே கூடினார்கள். பைச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களோடு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. 2017ஆம் ஆண்டு உலக இளையோர் போட்டிக்காக இருக்கைகள் போடப்பட்டபின் கொள்ளளவு குறைந்துவிட்டது, சத்தம் குறையவில்லை. டிக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது எந்த அணியின் கேலரி என்பதைப் பார்த்து வாங்குங்கள். சில ஆட்டங்களுக்கு இணையச் சீட்டை முன்னதாகவே கவுன்டரில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், அறிவிப்பைப் படித்துவிடுங்கள். தண்ணீர்ப் புட்டி, பவர் பேங்க், நாணயங்கள் ஆகியவற்றைப் பொதுவாக வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆட்டோவுக்குச் சேர்த்த சில்லறையை அன்று அறையிலேயே விட்டுவிடுங்கள். சட்டை நிறத்தில் கவனம் வேண்டும். எந்தப் பக்கமும் சாராதவர் வெளிர்நீலமோ சாம்பலோ அணிவது உத்தமம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். முடிந்ததும் மெட்ரோ நிலையத்தை நோக்கி ஓடாமல், கூட்டம் கலையும்வரை இருக்கையிலேயே காத்திருங்கள்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: மைதான் புல்வெளியில் உள்ள கிளப் மைதானங்களில் மழைக்கால லீக் ஆட்டம். 1898இல் தொடங்கிய லீக் இது. மூன்று அணிகளின் மைதானங்களும் ஈடன் கார்டனைச் சுற்றி நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. எஸ்பிளனேடில் இறங்கி மேற்கே நடந்தால் போதும். மைதான் நிலம் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் நினைத்தபடி நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. அதனால்தான் கிளப் அலுவலகத்தை இன்றும் ‘டென்ட்’ என்கிறார்கள். பெரிய அணிகளின் லீக் ஆட்டங்கள் சில நைஹாட்டி, கல்யாணி போன்ற புறநகர் மைதானங்களுக்குப் போய்விடுவதுண்டு என்பதால், முந்தின நாள் செய்தித்தாளில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பிற்பகல் ஆட்டம், காகிதப் பொட்டலத்தில் வறுத்த வேர்க்கடலை, மண் குவளையில் தேநீர், குடையை மடக்கிக் கம்பியைத் தட்டித் தட்டி இருபது வயதுப் பையனுக்குப் பாஸ் கொடுக்கச் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள். சேற்றில் பந்து நின்றுவிடும்போது மொத்தக் கேலரியும் எழுந்து நின்று கத்தும். ஆட்டத்தின் தரம் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆனால் வீரர் வழுக்கி விழும் சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இந்த ஊரில் இதுதான் இடம்.

இசை

டோவர் லேன் இசை மாநாடு 1952இல் தொடங்கியது. இன்று நஸ்ருல் மஞ்சில் நான்கு இரவுகள் நடக்கிறது. இரவு தொடங்கி விடியும் வரை ஓர் இரவுக்கு நான்கைந்து கலைஞர்கள். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஏன் இத்தனை நேரம் என்று தோன்றும். நம் கச்சேரியில் எந்த ராகத்தையும் மாலை ஆறு மணிக்குப் பாடிவிடலாம். இந்துஸ்தானியில் ராகத்துக்கு வேளை உண்டு, அதைப் பெரும்பாலோர் இன்னும் மதிக்கிறார்கள். வழக்கமான மாலைக் கச்சேரிகள் மட்டுமே இருந்தால் விடியற்கால ராகங்களை மேடையில் கேட்கவே வாய்ப்பிராது. நள்ளிரவுக்குப் பின் மால்கௌன்ஸ், அதாவது நம் ஹிந்தோளம். விடியும் நேரத்தில் ஆஹிர் பைரவ், அதாவது சக்கரவாகம் என்று காதுக்கு ஒரு பிடி வைத்துக்கொண்டால் ஒரு மணி நேர ஆலாபனையில் தொலைந்துபோக மாட்டீர்கள்.

நான்கு இரவும் விழித்திருக்க ஆசைப்படாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு இரவுகள் போதும். பிற்பகலில் தூங்கிவிட்டுப் போங்கள். ஜனவரி இரவில் குளிர் உறைக்கும், சால்வையும் குரங்குக் குல்லாவும் அவசியம். குல்லாவைப் பார்த்து இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், அரங்கில் பாதிப் பேர் அதோடுதான் வருவார்கள். இரண்டு மணிக்குமேல் இருக்கைகள் காலியாகத் தொடங்கும். முன்னே போய் உட்கார அதுவே நேரம்.

வெளியே வேறு இசையும் இருக்கிறது. பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் உணவகத்தில் 1960களின் இறுதியில் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக ஆங்கிலப் பாடல்கள் பாடத் தொடங்கியவர்தான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப். அங்கே இன்றும் நேரடி இசை உண்டு. மே மாதம், வங்காள நாட்காட்டியின் வைசாக 25ஆம் நாளில் தாகூர் பிறந்தநாளுக்கு ஜோடாசாங்கோவில் காலை முதல் ரவீந்திர சங்கீதம் கேட்கலாம். வாத்தியம் வாங்குபவர்கள் லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணிக் கடைகளுக்குப் போக வேண்டும். தரையில் உட்கார்ந்து கையால் துருத்தியடித்து வாசிக்கும் ஆர்மோனியத்தை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிப் பரப்பியது இந்த ஊரின் துவாரகாநாத் கோஷ் நிறுவனம்தான். கடைக்குப் போகும்போது சுருதி தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே அழுத்திப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இரவுக் கச்சேரி சனிக்கிழமையில் அமைந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஞாயிறன்று மெட்ரோ ஒன்பது மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். லேக் மார்க்கெட் பக்கம் அறை எடுத்திருப்பவர்கள் ஏரிக்கரையோரமாக நடந்தே திரும்பிவிடலாம். வேறு இடத்தில் தங்கியிருப்பவர்கள் டாக்ஸிக்கு முந்தின மாலையே சொல்லிவைப்பது நல்லது.